பரிமாறுகிறவரின் மூச்சு

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த உரையை என் சித்தப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். அவர் சென்னையில் ஒரு மனமகிழ் மன்றத்தில் பரிமாறும் வேலை பார்த்தார். 1970இல் சேர்ந்தவர், 2001இல் ஓய்வு பெற்றார். அந்த 31 ஆண்டுகளில் பெரும்பகுதி சீட்டாட்ட அறையில் கழிந்தது. சாயங்காலம் நான்கு மணிக்கு உள்ளே போனால் கடைசி மேசை கலையும்வரை நிற்க வேண்டும். நள்ளிரவு தாண்டித்தான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு வந்து சேர்வார்.

நான் சின்னப் பிள்ளையாக விடுமுறைக்குப் போயிருந்தபோது, தன் வேலையின் ஒரு நுணுக்கத்தை இரண்டு கிண்ணங்களை வைத்துக் காட்டினார். மேசையில் ஆஷ்ட்ரே நிரம்பிவிட்டால் அதை அப்படியே தூக்கக் கூடாது. மேலே மின்விசிறி சுற்றும். சாம்பல் பறந்து சீட்டின் மேலும் கோப்பையின் மேலும் விழும். அதனால் சுத்தமான ஆஷ்ட்ரே ஒன்றைக் கொண்டுபோய் நிரம்பியதன் மேல் மூடிபோல் வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தூக்கி, கீழே இருந்ததைத் தட்டில் வைத்துக்கொண்டு, மேலே இருந்ததை மட்டும் மேசையில் திரும்ப வைக்க வேண்டும். ஆடுகிறவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட வேண்டும். "ஒரு ராத்திரிக்கு நூறு தடவையாவது மாத்துவேன்டா" என்றார். குரலில் பெருமிதம் இருந்தது. கைவேலை தெரிந்தவனின் பெருமிதம் அது.

அவர் கழற்றிப் போடும் சட்டையைச் சித்தி வீட்டுக்குள் வைக்க மாட்டார். கொல்லைக் கொடியில் போடுவார். காலையில் பல் துலக்கப் போகும்போது அந்தச் சட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். இரவெல்லாம் பனியில் கிடந்தும் அதில் புகை நாற்றம் போயிருக்காது.

ஓய்வு பெற்றபின் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பாதி மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார். மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். நெஞ்சுப் படத்தைப் பார்த்த மருத்துவர் நிமிர்ந்து கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க?" சித்தப்பா பதில் சொல்வதற்குள் சித்தி முந்திக்கொண்டார்: "ஐயோ, இவர் வெத்தலைகூடப் போட மாட்டார் டாக்டர்." மருத்துவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்ன வேலை பார்த்தீங்க?" என்றார்.

அந்த இரண்டாவது கேள்விதான் இன்றைய என் உரையின் பொருள். சித்தப்பாவின் நோய்க்கு அந்த அறையின் புகைதான் காரணம் என்று நான் நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. ஒரு தனி மனிதரின் நோய்க்கு அப்படி விரல் நீட்டிச் சொல்வது எளிதல்ல. ஆனால் அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதை உலகம் அளந்து வைத்திருக்கிறது. அதைத்தான் உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

மதுக்கூடங்களிலும் கிளப்புகளிலும் புகைபிடிக்கத் தடை போடலாமா என்ற பேச்சு எந்த நாட்டில் எழுந்தாலும் இரண்டு பேர்தான் வழக்காடுவார்கள். ஒருவர் வாடிக்கையாளர்: "என் காசு, என் சிகரெட், என் விருப்பம்" என்பார். மற்றவர் உரிமையாளர்: "என் வியாபாரம் படுத்துவிடும்" என்பார். அதே அறையில் தட்டோடு நிற்கும் மூன்றாவது ஆளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் இரண்டு மணி நேரம் இருப்பார்; புகை பிடிக்கவில்லையென்றால் எழுந்து போய்விடுவார். உரிமையாளர் தன் அறையில் இருப்பார். பரிமாறுகிறவர் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் அந்தக் காற்றைத்தான் இழுத்தாக வேண்டும். எழுந்து போனால் வேலை போய்விடும். அவருக்கு மதுக்கூடம் பொழுதுபோக்கும் இடமன்று, பணியிடம். தடையின் விளைவு என்ன என்று கேட்பவர்கள் முதலில் அவரிடம் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் புகையைப் பற்றிச் சில வார்த்தைகள். சிகரெட்டிலிருந்து இரண்டு வகைப் புகை வருகிறது. பிடிப்பவர் இழுத்து விடுவது ஒன்று. இரண்டு இழுப்புக்கு நடுவே, விரலிடுக்கிலும் ஆஷ்ட்ரேயிலும் சும்மா எரிந்துகொண்டிருக்கும் முனையிலிருந்து எழுவது இன்னொன்று. ஓர் அறையில் தேங்கும் புகையில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகைதான். குறைந்த சூட்டில் அரைகுறையாக எரிவதால் நச்சுப் பொருள்கள் பல அதில் இன்னும் கூடுதலாக இருக்கின்றன. புகைப்பவருக்காவது பஞ்சு வைத்த முனை உண்டு. பக்கத்தில் நிற்பவருக்கு அதுவும் இல்லை.

1981இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயமா ஓர் ஆய்வை வெளியிட்டார். தாங்கள் புகைக்காத, ஆனால் கணவர் அதிகம் புகைக்கும் பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று அதில் காட்டினார். புகையிலை நிறுவனங்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன. அடுத்த 20 ஆண்டுகளில் சான்றுகள் குவிந்தன. 2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முடிவு சொன்னது. பிறர் புகையால் உலகில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழப்பதாக அந்த நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இனி மதுக்கூடத்துக்குள் போவோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1998 ஜனவரி 1 அன்று மதுக்கூடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்தது. சான் பிரான்சிஸ்கோவில் மது ஊற்றிக் கொடுக்கும் 53 ஊழியர்களை ஆய்வாளர்கள் தடைக்கு முன் ஒரு முறையும், தடை வந்த சில வாரங்களில் இன்னொரு முறையும் சந்தித்தார்கள். முதல் முறை 53 பேரில் 39 பேருக்கு மூச்சுத் தொல்லை இருந்தது: காலையில் இருமல், சளி, இழுப்பு, மூச்சு வாங்கல். இரண்டாம் முறை போனபோது அந்த 39 பேரில் 23 பேருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. காற்று மாறியது, அவ்வளவுதான்.

அடுத்தது அயர்லாந்து. இந்த வரலாற்றில் அந்தச் சின்ன நாட்டுக்குத் தனி இடம் உண்டு.

அயர்லாந்துக்காரர்களுக்கு 'பப்' என்பது குடிக்கும் இடம் மட்டும் அன்று. நம் ஊர் டீக்கடையும் கோயில் திண்ணையும் கல்யாண வீடும் ஒரே கூரையின் கீழ் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஓர் இடம். சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்களும் அங்கேதான் கூடுவார்கள், பந்தயத்தில் ஜெயித்தவர்களும் அங்கேதான் கூடுவார்கள். பிடில் வாசிப்பு, பாட்டு, அரசியல் சண்டை எல்லாமே அங்கேதான். அந்த அறைகளின் கூரை, தலைமுறைகள் விட்ட புகையால் பழுப்பேறிக் கிடந்தது. புகையில்லாத பப்பை அந்த மக்களால் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியவில்லை.

2003 ஜனவரியில் சுகாதார அமைச்சர் மைக்கேல் மார்ட்டின் ஓர் அறிவியல் அறிக்கையை வெளியிட்டார். பணியிடத்தில் பிறர் புகை என்ன செய்கிறது என்பதைப் பற்றிய அறிக்கை அது. காற்றோட்டக் கருவி வைத்தாலும் ஊழியரை முழுமையாகக் காக்க முடியாது என்று அது சொன்னது. அன்றே அமைச்சர், பப்புகள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் தடை வரும் என்று அறிவித்தார். 'பணியிடம்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் அந்தச் சட்டத்தின் உயிர் இருக்கிறது. புகைப்பவரைத் திருத்துவதற்கான சட்டம் என்று சொல்லியிருந்தால் அது தோற்றிருக்கும். சுரங்கத்தில் வேலை செய்பவருக்கு நல்ல காற்று வேண்டுமென்றால், பஞ்சாலையில் வேலை செய்பவருக்கு நல்ல காற்று வேண்டுமென்றால், பப்பில் வேலை செய்பவருக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்று கேட்டதால் அது நின்றது.

பப் உரிமையாளர்கள் கொதித்தார்கள். ஆயிரக்கணக்கில் வேலை போகும் என்றார்கள், கிராமத்துப் பப்புகள் மூடப்படும் என்றார்கள். தேதியும் ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போனது. ஆனால் பப் ஊழியர்கள் சேர்ந்திருந்த தொழிற்சங்கம் சட்டத்தின் பக்கம் நின்றது. வேலை போய்விடும் என்று பயம் காட்டப்பட்டவர்களே, எங்களுக்கு இந்தச் சட்டம் வேண்டும் என்றார்கள். கடைசியில் 2004 மார்ச் 29, ஒரு திங்கட்கிழமை, அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எல்லா மூடிய பணியிடங்களிலும், பப்புகள் உட்பட, நாடு முழுவதும் புகைக்குத் தடை போட்ட முதல் நாடு அயர்லாந்து. மீறினால் அபராதம் 3,000 யூரோ வரை.

கலவரம் எதுவும் வரவில்லை. முதல் ஆண்டில் அதிகாரிகள் சோதனைக்குப் போன இடங்களில் நூற்றுக்கு 94 இடங்கள் சட்டத்தை மதித்து நடந்தன. புகைக்க வேண்டியவர்கள் எழுந்து வாசலுக்குப் போனார்கள், புகைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். வாசலில் நிற்கும்போது முன்பின் தெரியாதவர்கள் பேச்சுக் கொடுத்துப் பழகினார்கள். அந்தப் பழக்கத்துக்கு 'ஸ்மர்ட்டிங்' என்று ஒரு புதுச் சொல்லே பிறந்தது. பப்பின் பின்கட்டில் கூரை வேய்ந்த திறந்தவெளிகள் முளைத்தன.

இப்போது ஊழியரிடம் வருவோம். எல்லையின் ஒரு பக்கம் தடை போட்ட அயர்லாந்துக் குடியரசு, மறுபக்கம் அப்போது தடை போடாத வடக்கு அயர்லாந்து. இரு பக்கமும் ஒரே மாதிரிப் பப், ஒரே மாதிரி மக்கள். ஆய்வாளர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? புகைக்காத பப் ஊழியர்களின் எச்சிலை இரு பக்கமும் சோதித்தார்கள். உடம்புக்குள் போன நிகோடின் அங்கே கோட்டினின் என்ற பொருளாகத் தடயம் விட்டிருக்கும். தடைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால், குடியரசில் அந்த அளவு 80 விழுக்காடு இறங்கியிருந்தது. எல்லைக்கு அப்பால் 20 விழுக்காடுதான். குடியரசின் ஊழியர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 40 மணி நேரம் வேலையிடத்தில் புகைக்குள் இருந்தவர்கள். தடைக்குப் பின் அது பூஜ்யம்.

டப்ளின் நகரத்தில் 42 பப்புகளின் காற்றையும் அளந்தார்கள். நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகள்கள் 83 விழுக்காடும், ரத்தப் புற்றுநோயோடு தொடர்புடைய பென்சீன் என்ற பொருள் 80 விழுக்காடும் குறைந்திருந்தன. ஸ்காட்லாந்து 2006 மார்ச் 26 அன்று தடை போட்டது. அங்கே ஒன்பது மருத்துவமனைகளில், தடைக்கு முந்தைய பத்து மாதங்களையும் பிந்தைய பத்து மாதங்களையும் ஒப்பிட்டார்கள். திடீர் இதய நோயோடு வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கை 17 விழுக்காடு குறைந்திருந்தது. அப்போது தடை இல்லாத இங்கிலாந்தில் 4 விழுக்காடுதான் குறைவு. ஸ்காட்லாந்தில் குறைந்த அந்த எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு, புகைக்காதவர்கள்.

நண்பர்களே, இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு சட்டை இருக்கிறது. டப்ளினில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த ஒருவர் கழற்றிப் போட்ட சட்டை. 2004 ஏப்ரல் முதல் அதை வீட்டுக்கு வெளியே போட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

இனி கல்லாப்பெட்டி. வியாபாரம் படுத்ததா, இல்லையா? இதை நேர்மையாகப் பேச வேண்டும். ஒரு பக்கத்துக்கு வசதியானதை மட்டும் எடுத்துச் சொன்னால் அது தொழிலாளிக்கும் செய்யும் துரோகம்.

நியூயார்க் நகரில் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில், 2003 மார்ச் 30 அன்று தடை வந்தது. ஓராண்டு கழித்து நகர நிர்வாகம் வெளியிட்ட அறிக்கையின்படி, உணவகங்களிலிருந்தும் மதுக்கூடங்களிலிருந்தும் வந்த வணிக வரி முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 8.7 விழுக்காடு கூடியிருந்தது. அந்தத் துறையில் வேலைகளும் ஏறத்தாழ 10,600 கூடியிருந்தன. செப்டம்பர் 11 தாக்குதலிலிருந்து நகரம் மீண்டுகொண்டிருந்த காலம் அது என்பதையும் சொல்லியாக வேண்டும். அயர்லாந்தில் பப் விற்பனை 2004இல் குறைந்தது உண்மை. ஆனால் அந்தச் சரிவு தடைக்கு முன்பே, 2002இலேயே தொடங்கிவிட்டது. மதுவின் விலை ஏறியது, கடையில் வாங்கி வீட்டில் குடிக்கும் வழக்கம் பரவியது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோர் மேல் கெடுபிடி கூடியது. எல்லாச் சுமையையும் சிகரெட்டின் தலையில் ஏற்றுவது கணக்கு ஆகாது.

2003இல் மிஷல் ஸ்கோலோவும் அவருடைய சகாக்களும், புகைத் தடையின் பொருளாதார விளைவைப் பற்றி அதுவரை வெளியான ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். விற்பனைப் பதிவு, வரிப் பதிவு போன்ற உறுதியான கணக்குகளை வைத்து முறையாகச் செய்த ஆய்வுகள் எல்லாம், பாதிப்பு இல்லை அல்லது நன்மை என்றே சொல்லியிருந்தன. நட்டம் என்று சொன்னவை பெரும்பாலும், "உங்கள் வியாபாரம் குறையும் என்று நினைக்கிறீர்களா?" என்று உரிமையாளரின் அச்சத்தைக் கேட்டு எழுதியவை, அவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் புகையிலைத் துறையைச் சார்ந்தவர்கள்.

ஆனாலும் யாருக்குமே அடி விழவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டனில் 'பிங்கோ' கிளப்புகள் உண்டு. எண்களை அழைத்து விளையாடும் ஆட்டம், வயதான பெண்கள் கூட்டமாக வருவார்கள், பலர் புகைப்பவர்கள். இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 அன்று தடை வந்தபின் அந்தக் கிளப்புகளுக்கு உண்மையிலேயே அடி விழுந்தது. ஆட்டத்தின் இடைவேளையில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களில்தான் அவர்களுக்கு நல்ல வரும்படி. அந்த இடைவேளையில் ஆட்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். சாப்பாடு போடாமல், முற்றம் இல்லாமல், குடியை மட்டும் நம்பியிருந்த சிறு பப்புகளும் தடுமாறின. அடுத்த ஆண்டே பொருளாதார வீழ்ச்சியும் பீர் வரி உயர்வும் சேர்ந்து வந்ததில், எந்தப் பப்பை எது மூடியது என்று பிரித்துச் சொல்வது கடினம். வாசலில் கூடும் கூட்டத்தின் சத்தத்தால் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களின் தூக்கம் கெட்டது. இவையெல்லாம் உண்மையான தொல்லைகள். இவற்றுக்குத் தீர்வு தேட வேண்டும். அந்தத் தீர்வு, புகையைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து ஊழியரின் நெஞ்சில் ஏற்றுவதாக இருக்கக் கூடாது.

நடனக் கிளப்புகளில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. புகை போனதும் அதுவரை அது மூடி வைத்திருந்த வாடைகள் வெளியே வந்தன: வியர்வை, தரையில் சிந்திக் காய்ந்த பீர். நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிலர் கிளப்புகளில் ஆரஞ்சு, கடல்நீர், புதினா ஆகிய வாசனைகளைப் பரப்பிப் பார்த்தார்கள். வாசனை இருந்த இரவுகளில் மக்கள் கூடுதலாக ஆடினார்கள். புகை இல்லாவிட்டால் கொண்டாட்டம் செத்துவிடும் என்றவர்களுக்கு இதைவிட இனிய பதில் இல்லை.

தடை வேண்டாம், நடுவழி ஒன்று போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. தனி அறை, நல்ல காற்றோட்டம், உரிமையாளரே முடிவு செய்துகொள்ளட்டும் என்பார்கள். நியாயமாகத்தான் தோன்றும். அதையும் உலகம் செய்து பார்த்துவிட்டது.

ஸ்பெயின் 2006இல் ஒரு சட்டம் போட்டது. 100 சதுர மீட்டருக்குக் குறைவான மதுக்கூடங்கள், புகை வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்யலாம். மிகப் பெரும்பாலானவை புகையையே தேர்ந்தெடுத்தன. எதிர்க்கடை அனுமதிக்கும்போது நான் மட்டும் தடுத்தால் என் கூட்டம் அங்கே போய்விடும் என்ற பயம் ஒவ்வொருவருக்கும். ஐந்து ஆண்டுகள் அப்படியே போயின. 2011 ஜனவரி 2 அன்று எல்லாருக்கும் ஒரே விதி வந்தது. எல்லாக் கடைக்கும் சட்டம் ஒன்றே என்றபின், கூட்டம் எதிர்க்கடைக்குப் போகும் என்ற பயத்துக்கு இடமில்லை.

ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் சலுகை மாறியது. பெரிய உணவகம் தனி அறை கட்டிக்கொள்ளலாம், ஒற்றை அறைக் கடை என்ன செய்யும் என்று சிறு கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2008இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்கள் சொல்வது சரி என்றது. சலுகை கொடுத்தால் சமமாகக் கொடு, இல்லையென்றால் எல்லாருக்கும் முழுத் தடை போடு என்பதே அதன் சாரம். பீர் திருவிழாவுக்குப் பேர்போன பவேரியா மாநிலத்து மக்கள் 2010 ஜூலை 4 அன்று நேரடியாகவே வாக்களித்தார்கள். 61 விழுக்காட்டினர் முழுத் தடைக்கு வாக்களித்தார்கள். பீர் அவர்கள் பண்பாடு. அதைக் காக்கப் புகை தேவையில்லை என்று அந்த மக்களே தீர்ப்புச் சொன்னார்கள்.

காற்றோட்டக் கருவியைப் பற்றி, அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006இல் வெளியிட்ட அறிக்கை தெளிவாகச் சொன்னது: பிறர் புகையில் 'இந்த அளவு பரவாயில்லை' என்று ஓர் அளவே கிடையாது, பிரித்து உட்காரவைப்பதும் காற்றைச் சுத்திகரிப்பதும் முழுப் பாதுகாப்புத் தராது. புகைப்பவருக்கென்று ஒதுக்கும் அந்தத் தனி அறைக்குள்ளும் யாரோ ஒருவர் போய்த் தரையைக் கூட்டி, துண்டுகளைப் பொறுக்க வேண்டும். அவரும் ஒரு தொழிலாளிதான்.

கனடாவில் ஹெதர் குரோ என்ற பெண்மணி இருந்தார். 40 ஆண்டுகளுக்கும் மேலாக உணவகங்களில் பரிமாறியவர். வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் பிடிக்காதவர். 2002இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்தது. வேலையால் வந்த நோய் என்று தொழிலாளர் இழப்பீட்டு வாரியத்தில் விண்ணப்பித்தார், வாரியம் ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு பெரிய செய்தி. உணவகத்துப் புகை ஒரு தொழில்சார் நோய்க்குக் காரணம் என்று ஓர் அரசு அமைப்பு ஒப்புக்கொண்டது. அதன்பின் அவர் வீட்டில் உட்காரவில்லை. அரசு விளம்பரத்தில் தோன்றித் தன் கதையைச் சொன்னார். ஊர் ஊராகப் போய் மேயர்களையும் அமைச்சர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் சந்தித்தார். தான்தான் பிறர் புகையால் சாகும் கடைசி ஆளாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 2006 மே 22 அன்று இறந்தார். அவர் வாழ்ந்த ஒன்டாரியோ மாகாணத்தின் முழுத் தடைச் சட்டம் மே 31 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒன்பதே நாள்.

அவரைப் பற்றிப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. சித்தப்பாவுக்கும் அதே தட்டு, அதே ஆஷ்ட்ரே, அதே கேள்வி. அங்கே ஒரு வாரியம் அந்தப் பெண்மணியிடம், "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டது. இங்கே அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு மருத்துவர் மட்டும்தான்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. பல நாடுகளுக்கு முன்பே நாம் யோசித்திருக்கிறோம். 1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்க உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு வழங்கிய அமர்வில் இருந்தவர் நம் தேவகோட்டைச் சீமையைச் சேர்ந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில், பிறர் புகையிலிருந்து தப்பும் உரிமையும் அடங்கும் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. 2001இல் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே வழியில் போயிற்று. 2003இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிகள் பொது இடம் என்ற சொல்லுக்குள் மதுக்கூடத்தையும் பப்பையும் டிஸ்கோவையும் பணியிடத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

ஆனால் சட்டத்திலேயே ஓர் இடைவெளி விட்டார்கள். 30 பேரோ அதற்கு மேலோ அமரக்கூடிய உணவகமும் 30 அறை கொண்ட ஹோட்டலும் புகைப்பதற்குத் தனி இடம் வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் எதையும் பரிமாறக் கூடாது என்று 2017இல் ஒரு திருத்தம் வந்தது. நல்ல திருத்தம். பெருக்குகிறவரை அதுவும் மறந்துவிட்டது.

நம் ஊர் டாஸ்மாக் மதுக்கடையை ஒட்டிய பாருக்கு வாருங்கள். பெரும்பாலும் தகரக் கூரை, தாழ்ந்த சுவர். தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் எடுக்கவும் அரசு நிறுவனம் டெண்டர் விட்டுத் தனியாருக்குக் கொடுக்கும் இடம் அது. உள்ளே ஒரு பையன் ஆம்லெட்டும் சுண்டலும் கொண்டுவந்து வைப்பான், தண்ணீர் பாக்கெட் கொடுப்பான், பாட்டிலைப் பொறுக்குவான், மேசையைத் துடைப்பான். அவன் குத்தகைதாரரின் ஆள். பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. சுவரில் புகைபிடிக்கக் கூடாது என்ற பலகை இருக்கலாம். அதற்கு நேர் கீழே மேசையில் பாதி தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் டம்ளர் இருக்கும், அதில் பீடித் துண்டும் சிகரெட் துண்டும் மிதக்கும். என் சித்தப்பா பீங்கான் ஆஷ்ட்ரேயை மாற்றினார். இந்தப் பையன் பிளாஸ்டிக் டம்ளரை மாற்றுகிறான். 2016-17இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், மூடிய இடத்தில் வேலை செய்யும் இந்தியர்களில் நூற்றுக்கு 30 பேர் வேலையிடத்தில் பிறர் புகையைச் சுவாசிப்பதாகத் தெரியவந்தது. அந்த 30 பேரில் இவனும் ஒருவன்.

நான் கேட்பவை மூன்று. தனி இடம் என்ற இடைவெளியைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். புகைக்கும் உரிமை வெளியே, திறந்தவெளியில் இருக்கட்டும். இரண்டாவது, டாஸ்மாக் பார் டெண்டரிலும் மனமகிழ் மன்றங்களின் உரிமத்திலும் புகையற்ற காற்று ஒரு நிபந்தனையாக இருக்க வேண்டும், மீறினால் உரிமம் போக வேண்டும். 200 ரூபாய் அபராதம் யாரையும் அசைக்காது. மூன்றாவது, இதைச் சுகாதாரத் துறையின் வேலை என்று மட்டும் விட்டுவிடாமல், தொழிலாளர் துறை தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பரிமாறுகிறவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை நுரையீரல் சோதனை நடக்க வேண்டும். நெஞ்சு நோயோடு ஒரு தொழிலாளி வந்தால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன வேலை பார்த்தீங்க?" என்பதாக இருக்க வேண்டும்.

இங்கே புகைப்பவர்களும் இருப்பீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களில் பலர் விட நினைத்து முடியாமல் தவிப்பவர்கள் என்பதும் தெரியும். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 2008ஆம் ஆண்டு விதிகளில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது: பொது இடத்தின் பொறுப்பாளர் ஆஷ்ட்ரேயையோ தீப்பெட்டியையோ லைட்டரையோ அங்கே வைக்கக் கூடாது. சித்தப்பா இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த விதி. அடுத்த முறை நீங்கள் போய் உட்காரும் மேசையில் அந்தக் கிண்ணமோ டம்ளரோ இருந்தால், அதை எடுத்துப் போகச் சொல்லுங்கள். அந்தப் பையன் பதிலுக்குச் சுத்தமான ஒன்றைக் கொண்டுவந்து வைப்பான். அவனுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். அப்போது, "வேண்டாம் தம்பி, திரும்ப வைக்காதே" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பற்றவைக்க வேண்டுமானால் வாசலுக்கு வாருங்கள்.